லேப்டாப்பிலா, கன்டெய்னரிலா, பொதுச் சர்வரிலா: ஜாவா எண்டர்பிரைஸ் வேலைக்கு எது தோது?

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் வேலை பார்க்கிறோம். பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா எண்டர்பிரைஸ் பயன்பாடுகளைப் பராமரிப்பதுதான் வேலை. ஒரு வாடிக்கையாளரிடம் வைல்டுஃப்ளை, இன்னொருவரிடம் வெப்லாஜிக், மற்றொருவர் ஓப்பன் லிபர்ட்டிக்கு மாறிக்கொண்டிருக்கிறார். மூன்றும் இந்தப் பயன்பாடுகளை ஏற்றி ஓட்டும் சர்வர் மென்பொருள்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "அண்ணே, என்னெல்லாம் இன்ஸ்டால் பண்ணணும்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லுமுன் சர்வர் எங்கே ஓடப்போகிறது, அதை யார் இயக்கப்போகிறார்கள் என்று முடிவுசெய்ய வேண்டும். எக்லிப்ஸா இன்டெல்லிஜேயா என்ற எடிட்டர் கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்.

வழிகள் நான்கு இருக்கின்றன. எடிட்டருக்குள்ளேயே சர்வரைச் சேர்த்து அங்கிருந்து ஓட்டுவது ஒன்று. சர்வரை லேப்டாப்பில் தனியாக வைத்து, மேவன் என்ற பில்ட் கருவி மூலம் டெர்மினலில் ஓட்டி, பிழை தேடும் டீபக்கரை மட்டும் போர்ட் வழியாக இணைப்பது இரண்டாவது. கன்டெய்னருக்குள், அதாவது தனக்கு வேண்டியதைத் தன்னுள்ளேயே வைத்து ஓடும் தனிப்பெட்டிக்குள், சர்வரை வைப்பது மூன்றாவது. எல்லோருக்கும் பொதுவாக வெளியே ஒரு சர்வர் வைத்துக்கொள்வது நான்காவது. நாங்கள் நான்கையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதில் நிலைத்திருக்கிறோம். ஏன் என்று சொல்கிறேன், எங்கே மற்றவை மேல் என்பதையும் சேர்த்து.

எங்கள் ஊர் நிலவரம் தெரிந்தால் காரணம் எளிதில் பிடிபடும். ஆறு லேப்டாப்பில் நான்கு 8 ஜிபி, இரண்டுதான் 16 ஜிபி. பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் காலையில் போன மின்சாரம் மாலையில்தான் வரும். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளைப் போலன்றி, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் நன்றாகப் பெய்யும். மரம் விழுந்தால் கேபிள் போகும், நெட்டும் கூடவே போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்களில் இருவர் முன்பு மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வந்தவர்கள். குழித்துறையில் ஏறி நெய்யாற்றின்கரை தாண்டும்வரை சிக்னல் வந்தும் போயும் இருக்கும் பெட்டியில் கோடு எழுதிப் பழகியவர்கள். ஆகவே எங்கள் முதல் நிபந்தனை, நெட் இல்லாவிட்டாலும் லேப்டாப் தன் காலில் நிற்க வேண்டும்.

வழிகளுக்குள் போகுமுன் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் தவறினால் எந்த வழியும் உதவாது. ப்ரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளரிடம் நிஜமாக ஓடும் இடத்தில், எந்தச் சர்வரின் எந்தப் பதிப்பு ஓடுகிறதோ, அதுவேதான் லேப்டாப்பிலும் இருக்க வேண்டும். 'கொஞ்சம் புதுசுதானே' என்று விடக்கூடாது. ஜாவா எண்டர்பிரைஸின் தரநிலையான ஜாவா ஈஈ 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறி ஜகார்த்தா ஈஈ ஆனது. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் சர்வரில் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். வைல்டுஃப்ளை 26 வரை பழையது, 2022-இல் வந்த 27 முதல் புதியது. பழைய பெயரில் ஆனோட்டேஷன் (கோடில் @ குறியோடு ஒட்டும் அறிவிப்பு) போட்டு எழுதிய சர்வ்லெட்டை, அதாவது பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் கிளாஸை, கொண்டுபோய் டாம்கேட் 10-இல் போட்டால் பெரும்பாலும் பிழைச்செய்தியே வராது. சர்வர் நன்றாகத் தொடங்கும், பயன்பாடும் ஏறியதாகச் சொல்லும், பக்கத்தைத் திறந்தால் 'பக்கம் இல்லை' என்ற 404. அந்த ஆனோட்டேஷன் அதற்குத் தெரியாத பெயர் என்பதால் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது. லாகில் ஒன்றும் இல்லாத இந்த 404-க்கு எங்கள் அறையில் ஒருவர் முழு மத்தியானத்தையும் கொடுத்திருக்கிறார்.

ஜாவா பதிப்பும் அப்படித்தான். ஒரே லேப்டாப்பில் நான்கு ஜாவா வேலை செய்துகொண்டிருக்கலாம்: எக்லிப்ஸ் ஓடும் ஜாவா, ப்ராஜெக்ட் கம்பைல் ஆகும் ஜாவா, மேவன் ஓடும் ஜாவா, சர்வர் ஓடும் ஜாவா. இன்றைய எக்லிப்ஸ் ஓடுவதற்கே ஜாவா 21 வேண்டும். பராமரிக்கும் பயன்பாடு ஜாவா 8-இல் இருக்கலாம். இரண்டும் மோதிக்கொள்ள வேண்டியதில்லை, எது எந்த ஜாவாவை எடுக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற பிழை வந்தால் அதிலுள்ள எண்ணைப் பாருங்கள்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எது எதை மிஞ்சியது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

முதல் வழிக்கு வருவோம். கல்லூரியில் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பது இதைத்தான். எக்லிப்ஸில் 'சர்வர்ஸ்' பகுதியில் ஒரு சர்வரைச் சேர்க்கிறோம், ப்ராஜெக்ட்டை அதில் போடுகிறோம், பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். முதல் ஒரு மணிநேரத்தில் வேலை தொடங்கிவிடலாம், ஒரு வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தால் ஓட்டம் அங்கே உடனே நிற்கும். தனியாளாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

குழுவாக வேலை செய்யும்போதுதான் சிக்கல். போன மழைக்காலத்தில் புதிதாகச் சேர்ந்த தக்கலைப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, கம்பைல் ஆவுது. ஓட்டுனா மட்டும் கிளாஸக் காணல்லன்னு வருது."

"மேவன்ல பில்ட் பண்ணிப் பாத்தியா மக்கா?"

"அதுல சரியா வருது அண்ணே. அதாங் புரியல்ல."

அவன் லேப்டாப்பில் எக்லிப்ஸின் ஒர்க்ஸ்பேஸ் கோப்புறைக்குள் போனோம். 'மெட்டாடேட்டா', அதற்குள் 'பிளகின்ஸ்', அதற்குள் சர்வர் பிளகினின் பெயர், அதற்குள் 'டெம்ப் 0'. எக்லிப்ஸ் டாம்கேட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அங்கே அது தானாகத் தொகுத்து வைத்திருந்த ஒரு நகலை. மேவன் கட்டிய வார் கோப்பு (சர்வரில் ஏற்றும் பொதி) டார்கெட் கோப்புறையில் தொடப்படாமல் கிடந்தது. நகலில் நூலகங்கள் இருக்க வேண்டிய 'லிப்' கோப்புறை காலி. ப்ராஜெக்ட்டின் 'டெப்ளாய்மென்ட் அசெம்பிளி' பட்டியலில் மேவன் சார்புகள் (பயன்பாடு நம்பியிருக்கும் நூலகங்கள்) என்ற ஒரு வரி விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். சேர்த்ததும் சரியானது. ஆனால் அந்த அமைப்பு அவனுடைய எக்லிப்ஸுக்குள் மட்டும் இருந்த ஒன்று. மற்ற ஐந்து பேரிடம் அது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வழியில் என் மனக்குறை அதுவே. எடிட்டர் கட்டுவது ஒன்று, ப்ரொடக்ஷனுக்குப் போவது மேவன் கட்டும் வேறொன்று. நாள் முழுக்க நாம் சோதிப்பது வாடிக்கையாளர் கையில் சேராத ஒரு பொருளை. நெட்பீன்ஸ் எடிட்டர் நேரடியாக மேவனையே நம்பி ஓடுவதால் இந்த வேறுபாடு அதில் குறைவு. கிளாஸ்ஃபிஷ், பயாரா சர்வர்களை வைத்து வேலை செய்பவர்களுக்கு அது இன்றும் நல்ல துணை. ஆனால் சர்வரின் அமைப்புகள் ஒருவரின் எடிட்டருக்குள் தங்கிப்போகும் சிக்கல் அங்கேயும் தீரவில்லை.

இரண்டாவது வழியில் சர்வர் எடிட்டருக்கு வெளியே நிற்கிறது. அதன் ஜிப் கோப்பை விரித்து ஒரு கோப்புறையில் வைக்கிறோம், அல்லது மேவன் பிளகினே பதிவிறக்கிக்கொள்கிறது. தொடங்குவது டெர்மினலில் ஒரு கட்டளை. லிபர்ட்டியில் இது மிக அழகாக அமைந்திருக்கிறது. மேவனில் 'லிபர்ட்டி டெவ்' இலக்கை ஓட்டினால் சர்வர் எழுந்து, கோடு உள்ள கோப்புறையைக் கவனித்தபடி இருக்கும். நீங்கள் எந்த எடிட்டரில் சேமித்தாலும் அதுவே கம்பைல் செய்து ஏற்றிவிடும். டெர்மினலில் என்டர் தட்டினால் சோதனைகள் ஓடும். டீபக்குக்கு 7777 போர்ட் திறந்தே இருக்கும். சர்வர் அமைப்பு முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில், ப்ராஜெக்ட்டோடு சேர்ந்து, கோடின் பதிப்புகளைக் காத்துப் பகிரும் கிட்டில் இருக்கிறது. எந்த வசதிகள் வேண்டுமோ அவற்றை மட்டும் அதில் பட்டியலிடுவதால் நினைவகமும் குறைவாகவே செலவாகிறது. 8 ஜிபி லேப்டாப்பில் இது பெரிய ஆறுதல்.

வைல்டுஃப்ளை பிளகினிலும் இதேபோன்ற 'டெவ்' இலக்கு வந்துவிட்டது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் கையால் செய்வதும் கடினமில்லை. 'டெப்ளாய்மென்ட்ஸ்' கோப்புறையில் வார் கோப்பைப் போட்டால் சர்வர் எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் பக்கத்திலேயே அதே பெயரோடு 'டெப்ளாய்டு' என்ற வாலுள்ள ஒரு சின்னக் கோப்பு முளைக்கும். தோற்றால் 'ஃபெயில்டு' என்ற வால். அதைத் திறந்தால் காரணம் உள்ளேயே எழுதியிருக்கும். விரித்த கோப்புறையாகப் போட்டால் மட்டும் தானாக எடுக்காது, 'டூடெப்ளாய்' என்ற வாலோடு ஒரு காலிக் கோப்பை நாம் உருவாக்க வேண்டும். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சின்னக் கோப்புகளைத்தான். எடிட்டரின் பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இவற்றைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

இந்த வழியில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று போர்ட். வைல்டுஃப்ளை, பயாரா, டாம்கேட் மூன்றுமே 8080-க்கு வரும். வைல்டுஃப்ளைக்கு 'போர்ட் ஆஃப்செட்' 100 என்று கொடுத்தால் 8080 போய் 8180 ஆகும், நிர்வாகப் போர்ட் 9990 போய் 10090 ஆகும். ஆனால் டீபக் போர்ட் 8787 நகராது. அது சர்வரின் அமைப்பு அல்ல, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்குக் கொடுக்கும் அமைப்பு. இரண்டு சர்வர் ஓட்டும்போது அதைத் தனியாக மாற்ற வேண்டும். இரண்டாவது தடுமாற்றம் தரவுத்தளம். வைல்டுஃப்ளையோடு 'எக்ஸாம்பிள் டிஎஸ்' என்ற பெயரில் எச்2 என்ற சின்னத் தரவுத்தளத்துக்கு ஒரு இணைப்பு கூடவே வருகிறது. அது நினைவகத்தில் மட்டும் வாழ்வது. தெரியாமல் அதில் வேலை செய்தவர், சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் நேற்று உள்ளிட்ட பதிவுகளைக் காணோம் என்று பதறுவார். போஸ்ட்கிரஸ் தரவுத்தள இணைப்பை அமைக்கும் கட்டளைகளை ஒரு சிஎல்ஐ (கட்டளை வரி) ஸ்கிரிப்ட்டாக எழுதிக் கிட்டில் வைத்துவிட்டோம். நிர்வாகப் பக்கத்தில் மவுஸால் கிளிக் செய்து அமைப்பது எங்கள் அறையில் அனுமதியில்லை. அப்படி அமைத்ததை அடுத்தவர் லேப்டாப்பில் திரும்பச் செய்ய நினைவைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

கோடை மாற்றியதும் சர்வரை நிறுத்தாமலே பார்க்கும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீபக் இணைப்பில் இருக்கும்போது சாதாரண ஜேவிஎம் ஏற்றுக்கொள்வது மெத்தடின் உள்பகுதி மாற்றத்தை மட்டுமே. புது மெத்தட், புது ஃபீல்டு சேர்த்தால் மறுக்கும். ஆகவே இதை ஒரு போனஸாக மட்டும் எண்ணிக்கொண்டு, பயன்பாட்டை மறுபடி ஏற்றுவதை வேகமாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூன்றாவது கன்டெய்னர். கொள்கையளவில் இதற்கு நிகர் இல்லை. ப்ரொடக்ஷனில் ஓடும் அதே படிமம் (இமேஜ்), அதே லினக்ஸ், அதே ஜாவா. விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு தெரியாமல் ஓடிய கோப்புப் பெயர் லினக்ஸில் கிடைக்காமல் போகும் குறையெல்லாம் இங்கே உடனே பிடிபடும். வாடிக்கையாளர் ஏற்கெனவே பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்கு இலவசம்தான். 250 பேருக்குக் கீழும் ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலருக்குக் கீழும் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேலே உள்ளவர்கள் அதற்கு மாற்றான பாட்மேனைப் பார்க்கலாம்.

எங்களைப் பின்வாங்க வைத்தது நினைவகம். விண்டோஸில் கன்டெய்னர் ஓட பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வேண்டும். அது மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் பாதி போய், எக்லிப்ஸும் பிரவுசரும் மீதியைப் பங்கிட்டால் எழுத்து தட்டுவதற்கே லேப்டாப் மூச்சு வாங்குகிறது. அமைப்புக் கோப்பில் வரம்பு போடலாம், போட்டோம். வரம்புக்குள் சர்வரும் தரவுத்தளமும் சேர்ந்து திணறின. இதே வைல்டுஃப்ளை நேரடியாக விண்டோஸில் ஓடும்போது அதன் ஹீப் வரம்பு, அதாவது ஜாவா பொருள்களுக்கான நினைவக வரம்பு, இயல்பாகவே 512 எம்பிதான்.

16 ஜிபி வைத்திருக்கும் குளச்சல் தோழி கன்டெய்னரிலேயே தொடர்ந்தார். அவருக்கு இரண்டு சிக்கல்கள் வந்தன, இரண்டுமே இந்த வழியில் போகும் எவருக்கும் வரக்கூடியவை. முதலாவது, கோடு சி டிரைவில் இருந்தது, கன்டெய்னர் லினக்ஸ் பக்கம் இருந்தது. விண்டோஸில் கோப்பைச் சேமித்தால் 'கோப்பு மாறியது' என்ற அறிவிப்பு லினக்ஸ் பக்கம் போய்ச் சேருவதில்லை. கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய சர்வர் அசையாமல் இருக்கும். ப்ராஜெக்ட்டை அப்படியே டபிள்யூஎஸ்எல்லின் சொந்தக் கோப்புறைக்கு மாற்றியதும் சரியானது, பில்டும் வேகமானது. இரண்டாவது, டீபக்கர் இணையவே இல்லை. போர்ட் 8787 திறந்துவிட்டிருந்தார், கன்டெய்னரும் ஓடியது. காரணம் ஜாவா 9-இல் வந்த ஒரு மாற்றம். டீபக் முகவரியில் வெறும் 8787 என்று கொடுத்தால் பழைய ஜாவா எல்லாப் பக்கத்திலிருந்தும் இணைப்பை ஏற்கும். 9 முதல் அதே கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் எக்லிப்ஸ் அதற்கு அந்நியர். எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் சேர்த்ததும் இணைந்தது. இரண்டு எழுத்து விஷயம், ஆனால் அதைத் தேடி அவர் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தார்.

கன்டெய்னரை நாங்கள் விட்டுவிடவில்லை. ஒரு வேலை முடிந்து அனுப்புமுன், 16 ஜிபி லேப்டாப்பில் ப்ரொடக்ஷன் படிமத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறோம். அன்றாடம் எழுதுவதற்கு அல்ல, கடைசிச் சரிபார்ப்புக்கு.

நான்காவது, பொதுச் சர்வர். லேப்டாப்புக்குப் பாரம் இல்லை, வெப்லாஜிக் போன்ற கனமானவற்றுக்குச் செலவு மிச்சம் என்று சொல்வார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பதினைந்து பேருக்கு ஒரே சர்வர். ஒருவர் எல்லா த்ரெட்டையும் நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் மற்ற பதினான்கு பேரின் திரையும் அப்படியே உறைந்து நிற்கும். ஒருவர் ஏற்றிய கோடை இன்னொருவர் ஏற்றியது அழிக்கும். யார் எதைச் சோதித்தோம் என்றே தெரியாமல் போகும். நெட் போனால் எல்லோருக்கும் வேலை நிற்கும். எங்கள் மாவட்டத்தில் மழைக்காலத்தில் இது ஒத்துவராது. தவிர, டீபக் போர்ட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது. இணைந்தவர் அந்தச் சர்வரில் எதையும் ஓட்டலாம். அதை நெட்வொர்க்கில் திறந்து வைப்பதே ஆபத்து. வைத்தே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கிய இணைப்பு வழியாக மட்டும்.

வெப்லாஜிக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தொட்டவர்களுக்குத்தான் 'லேப்டாப்பில் முடியாது' என்ற எண்ணம் அதிகம். முடியும். டெவலப்பர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு ஆரக்கிள் அதைக் கட்டணமின்றிப் பதிவிறக்கத் தருகிறது; உரிம நிபந்தனையைப் படித்துவிட்டு எடுக்கலாம். டொமைனை (வெப்லாஜிக் சர்வர்களின் அமைப்புத் தொகுதியை) டெவலப்மென்ட் நிலையில் உருவாக்கினால் 'ஆட்டோடெப்ளாய்' என்ற கோப்புறை கிடைக்கும், அதில் போட்டது தானாக ஏறும். டொமைனை உருவாக்கும் படிகளை டபிள்யூஎல்எஸ்டி (வெப்லாஜிக்கின் ஸ்கிரிப்ட் கருவி) ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்தால், ஒருவருக்கு ஆன வேலை அடுத்தவருக்கு ஒரே கட்டளை. தொடங்க நேரம் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெப்ஸ்பியர் சர்வரின் பழைய வகையில் இருப்பவர்கள் 'லேப்டாப்பில் லிபர்ட்டி, அங்கே வெப்ஸ்பியர்' என்று சமாளிப்பதுண்டு. இரண்டும் ஐபிஎம்முடையவைதான் என்றாலும் வகுப்புகளை ஏற்றும் விதமும் பழைய ஏபிஐகளும் வேறுபடும். லிபர்ட்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

இப்போது எடிட்டர். சர்வர் வெளியே வந்துவிட்டதால் இது சொந்த விருப்பமாகச் சுருங்கிவிட்டது. எங்களில் மூவர் எக்லிப்ஸ், இருவர் விஎஸ் கோட், ஒருவர் இன்டெல்லிஜே. இன்டெல்லிஜேயின் சர்வர் ஒருங்கிணைப்பு கட்டணப் பிரிவில் வருகிறது. டெர்மினலில் சர்வர் ஓடும்போது அது இல்லாமலே வேலை நடக்கும், 'ரிமோட் டீபக்' போதும். விஎஸ் கோடின் ஜாவா நீட்சிக்கு அடியில் இருப்பது எக்லிப்ஸின் கம்பைலர்தான் என்பதால் இரண்டுக்கும் இடையே பிழைகள் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும். பள்ளிக் காலத்திலிருந்தே ஒன்றில் கை பழகியவரை வேறொன்றுக்கு இழுக்காதீர்கள்.

புதிதாக ஒருவர் சேர்ந்தால் இப்போது நாங்கள் செய்வது இது. கிட்டிலிருந்து ப்ராஜெக்ட்டை எடுக்கச் சொல்கிறோம். மேவனின் 'கோ ஆஃப்லைன்' கட்டளை சில பிளகின்களின் சார்புகளை விட்டுவிடும் என்பதால், அதை மட்டும் நம்பாமல் ஒரு முழு பில்டையும் சோதனைகளையும் சர்வரையும் ஒருமுறை ஓட்டவைக்கிறோம். அது முடிந்ததும் வைஃபையை அணைத்து, சார்ஜரையும் கழற்றச் சொல்கிறோம். 'கிளீன்' கொடுத்து, மேவனை ஆஃப்லைன் நிலையில் மறுபடி ஓட்ட வேண்டும். சர்வர் எழ வேண்டும், உள்நுழைவுப் பக்கம் வர வேண்டும், ஒரு பிரேக்பாயிண்டில் நிற்க வேண்டும். நின்றால் அன்று மாலையே அவருக்கு முதல் வேலையை ஒதுக்கிவிடுகிறோம்.